வெர்னெலின் நிறம்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மெம்பிஸில் மழை தூறிக்கொண்டிருந்தது. மிஸ்டர் காடியின் ஈமச்சடங்கு இல்லத்து முன்னறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். லூசியஸ் டார்வர், அவனுடைய ஆறு வயது மகள் டெல்ஃபின், அவன் மனைவியின் அக்கா எர்னெஸ்டின்.

உள்ளறையில் அவன் மனைவி வெர்னெல் இருந்தாள்.

புதன்கிழமை மதியம் வரை எந்தக் குறையும் இல்லாமல் நடமாடியவள். தெருமுனைத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினாள். வீட்டுக்குப் போகும் நேரத்தில் ஒரு பையனுக்குக் குனிந்து கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவள், மூன்றாவது பொத்தானில் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். முப்பத்து மூன்று வயது.

லூசியஸ் அப்போது பக்கத்து மாநிலமான அர்க்கன்சாவில் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் வேலையில் இருந்தான். அடுத்த நிலையத்தில்தான் அவனிடம் சொன்னார்கள்.

வெர்னெல் அந்தக் கீழ்த்தளத்தில் எழுத்தும் எண்ணும் மட்டுமா சொல்லிக்கொடுத்தாள்? காலையில் பெயர் கூப்பிடும்போது, ஒவ்வொரு பெயரோடும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிக் கூப்பிடுவாள். "தாத்தா நெத்தியோட வந்திருக்கிற ராஸ்கோ!" "அத்தை உதட்டை வாங்கிட்டு வந்திருக்கிற ஒனீட்டா!" அந்தக் குழந்தை எழுந்து நின்று, "இப்ப என்னுது!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் விடமாட்டாள். அகல மூக்கும் தடித்த உதடும் சுருண்ட முடியும் கறுத்த தோலுமாக வந்த குழந்தைகள், அதெல்லாம் யாரோ வேண்டுமென்றே தங்களுக்கு விட்டுப்போன சொத்து என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

டெல்ஃபினும் அப்படித்தான் வளர்ந்தாள். போன செப்டம்பர் வரை.

செப்டம்பரில், கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற கோர்ட் உத்தரவுப்படி, அவளை பஸ்ஸில் ஏற்றி ஊரின் மறுபக்கத்துப் பெரிய பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருநாள் வட்டமாக நின்று கைகோத்துப் பாடச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சிறுமி டெல்ஃபினின் கையைப் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு டெல்ஃபின் சட்டைக் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அது வெர்னெலுக்குத் தெரியவந்ததும், அடுத்த வாரம் பள்ளிக்குப் போய்ப் பேசுவதாக இருந்தாள்.

அந்த வாரம்தான் இது.

மிஸ்டர் காடி கதவைத் திறந்தார். செத்தவர்களைக் குளிப்பாட்டி, அலங்கரித்துப் பார்வைக்கு வைப்பது அவர் தொழில். ஒல்லியான மனிதர். கறுப்பு கோட்டு. நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. "பிரதர் டார்வர், வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் ஜனங்க வருவாங்க. இப்ப குடும்பத்துக்கு மட்டும்."

ரோஜா நிற விளக்குகள் இரண்டு எரிந்தன. சவப்பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே லாவண்டர் நிற உடையில் ஒரு பெண் படுத்திருந்தாள்.

லூசியஸ் முதலில் அறை மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தான்.

உடை வெர்னெலுடையது. நெற்றியின் வளைவும், மேலுதட்டின் நடுவில் இருந்த அந்தச் சின்னப் பள்ளமும் அவளுடையவைதான். ஆனால் முகம் பால் அதிகமாக விட்ட காப்பி போல இருந்தது. கைகளில் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். எதற்கு என்று அவனுக்கு உடனே புரிந்தது. முகத்தை மாற்றியவர்கள் கைகளை மறைத்துவிட்டார்கள்.

எர்னெஸ்டின் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு அமைதியா இருக்கா பாரு" என்றாள்.

டெல்ஃபின் பெட்டியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அழவில்லை. புதன்கிழமையிலிருந்தே அவள் அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"அப்பா, அம்மா அழகாயிட்டாங்க."

லூசியஸ் அவள் பக்கம் குனிந்தான்.

"சாமி கழுவி விட்டுட்டாரா?"

"என்னடா?"

"அம்மாவை. நான் செத்தா என்னையும் கழுவி விடுவாரா?"

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

முன்னறையில் டெல்ஃபினை நாற்காலியில் உட்கார வைத்து, மேசைமேல் இருந்த அட்டை விசிறி ஒன்றைக் கையில் கொடுத்தான். பிறகு எர்னெஸ்டினை வாசல் பக்கம் கூட்டிப்போனான்.

"யாருக்கா இப்படிப் பண்ணச் சொன்னது?"

"எப்படி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

எர்னெஸ்டினுக்கு நாற்பத்து நாலு வயது. தங்கையைவிடப் பதினோரு வயது மூத்தவள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அக்கா வெளிர்மஞ்சள், தங்கை கருங்காலிக் கட்டை. சின்சினாட்டியிலிருந்து வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து எல்லா வேலையையும் அவள்தான் பார்த்தாள். மிஸ்டர் காடியிடம் உடையும் படமும் கொண்டு போய்க் கொடுத்ததும் அவள்தான்.

கைப்பையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள். வெர்னெல் பள்ளி முடித்தபோது ஸ்டுடியோவில் எடுத்தது. பதினெட்டு வயது. முத்துமாலை. முகம் நிலா மாதிரி.

"அவ படத்துலேயே நல்ல படம் இதுதான். சின்சினாட்டி போய் நான் வாங்கின முதல் சம்பளத்துல எடுத்தது."

"இது அவ இல்லக்கா. ஸ்டுடியோக்காரன் தூரிகையால வெளுத்து விட்டது. வெர்னெல் இதை வீட்டுல மாட்டவே விட்டதில்ல."

"இன்னைக்கு ஊரே வரப்போகுது, லூசியஸ். எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு, 'பெரியவ எங்கிருந்து வந்தா, சின்னவ எங்கிருந்து வந்தா'ன்னு முப்பது வருஷம் சிரிச்சவங்க வருவாங்க. ஒரே ஒரு நாள் ஒருத்தியும் வாயைத் திறக்காம போகட்டுமே. அவளுக்கு நான் செய்யற கடைசி வேலை அது."

"அவ கேக்கலையே இதை."

"கேட்டா." எர்னெஸ்டின் படத்தைப் பைக்குள் வைத்து மூடினாள். "உனக்கு அவளைத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடி."

மழைக்குள் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

லூசியஸ் மிஸ்டர் காடியிடம் போய் நின்றான். அவன் வாய் திறக்கும் முன்பே அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர் வெர்னெலை நான் தேவாலயத்துல பார்த்திருக்கேன், பிரதர். நிறம் தப்புன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. ஆனா குடும்பத்துல கொடுக்கிற படம்தான் எனக்கு உத்தரவு. பாதிப் பேர் இப்படித்தான் கேக்கிறாங்க. 'கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிடுங்க'ன்னு. பளிச்சுன்னா என்னன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"மாத்த முடியுமா?"

"துடைச்சுட்டு முதல்லேருந்து பண்ணணும். ரெண்டு மணி நேரமாவது ஆகும். ஞாபகத்துல இருக்கிற நிறத்தை நம்பி நான் கலக்க மாட்டேன். சரியான படம் ஒண்ணு கொண்டுவாங்க. மூணு மணிக்குள்ள."

வீட்டில் தேவாலயத்துப் பெண்கள் சமையலறையைத் தங்கள் கையில் எடுத்திருந்தார்கள். கோழி வறுவல், பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, கீரை, கேக். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. இழவு முடிந்து பாத்திரம் திரும்பி வராவிட்டால் அது தனிச் சண்டை.

"அந்த உருளைக்கிழங்கை மட்டும் தொடாத" என்றாள் பக்கத்து வீட்டு சிஸ்டர் யூலா. "அடியில பேரு இல்ல. பேரு போட வெக்கப்பட்டிருக்கான்னா ருசி எப்படி இருக்கும்னு நீயே பார்த்துக்கோ."

லூசியஸ் சிரிக்க முயன்றான். வரவில்லை. அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கி, மேசைமேல் படங்களைக் கொட்டினான்.

எட்டு வருடக் குடும்பம் மேசைமேல் பரந்தது. கல்யாணம், ஆற்றங்கரை, டெல்ஃபினின் முதல் பிறந்த நாள். சிஸ்டர் யூலாவும் அவனும் ஒவ்வொன்றாக ஜன்னலிடம் பிடித்துப் பார்த்தார்கள்.

எதிலும் வெர்னெல் இல்லை.

இருந்தாள், ஆனால் இல்லை. வெயிலில் எடுத்த படங்களில் சாம்பல் பூசியவள் போல இருந்தாள். வீட்டுக்குள் எடுத்தவற்றில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. மீதி இருட்டு. கல்யாணப் படத்தில் அவள் கவுன் பளபளத்தது. கவுனுக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல்.

"நம்ம முகத்தைப் பிடிக்கிற ஃபிலிமை எவன் பண்ணினான், சொல்லு?" என்றாள் சிஸ்டர் யூலா. "என் புருஷன் படத்துல அவரோட தொப்பி ரொம்ப நல்லா வந்திருக்கு. தொப்பிக்குத்தான் நான் முப்பது வருஷமா அழறேன்."

லூசியஸ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். இந்த முகம் நாளைக்கு மண்ணுக்குள் போகும். அப்புறம் குழந்தையிடம் என்ன மிஞ்சும்? இந்த நிழல்களும் காலையில் பார்த்த அந்த வெளிறிய முகமும்தான். இருபது வருடம் கழித்து அம்மாவை நினைத்தால், செத்த பிறகு அழகானவள் என்றுதான் நினைப்பாள்.

காடிக்குத் தொலைபேசி செய்தான். படம் கிடைக்கவில்லை என்றான். மிஸ்டர் காடி ஒன்று கேட்டார்.

"அதே நிறத்துல ரத்த சொந்தம் யாராவது இருக்காங்களா, பிரதர்? உயிரோட?"

லூசியஸ் கூடத்தைப் பார்த்தான். சாப்பாட்டு மேசைக்கு அடியில் டெல்ஃபின் உட்கார்ந்து அட்டை விசிறியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் நெற்றி. அம்மாவின் கறுப்பு, அச்சு மாறாமல்.

அவன் மண்டியிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தான். ரயில்வே ஆளின் அகலமான உடம்பு பாதிதான் நுழைந்தது.

"டெல்ஃபி, அப்பாவோட வர்றியா? மிஸ்டர் காடிக்கு உன் கையைக் கொஞ்சம் பார்க்கணுமாம்."

"எதுக்கு?"

"அம்மாவுக்குத் தப்பான நிறம் பூசிட்டாங்க. சரி பண்ணணும். உன் நிறம்தான் அம்மா நிறம்."

டெல்ஃபின் இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் கண் விரிந்தது.

"வேணாம் அப்பா. அம்மாவை மறுபடியும் கறுப்பாக்காதீங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இப்பதான் நல்லா இருக்காங்க. யாரும் துடைச்சுக்க மாட்டாங்க. ப்ளீஸ் அப்பா."

எர்னெஸ்டின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட கறுப்பு உடை கையில் தொங்கியது. அவள் முகம் காகிதமாக வெளுத்திருந்தது. உடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி மேலே ஏறிப் போய்விட்டாள்.

வெர்னெல் இருந்திருந்தால் இந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லியிருப்பாள். அவளிடம் இருபத்திரண்டு குழந்தைகளுக்கும் இருபத்திரண்டு வார்த்தை இருந்தது. லூசியஸுக்குத் தெரிந்தது ரயில் பெட்டியைப் பெட்டியோடு மாட்டவும் கழற்றவும்தான். மேசைக்கு அடியில் கிடந்தபடி உண்மையைச் சொன்னான்.

"எனக்கு அவ முகம் வேணும்டா. எட்டு வருஷம் கண்ணு முழிச்சா அந்த முகம். இன்னைக்கும் நாளைக்கும்தான் மிச்சம். அங்க படுத்திருக்கிறவளை எனக்குத் தெரியல. அவகிட்ட நான் எப்படிப் போய்ட்டு வான்னு சொல்லுவேன்?"

டெல்ஃபின் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணிலிருந்து வழிந்தது மூக்கின் குறுக்கே போய்த் தரையில் சொட்டியது. அவள் விரலால் அதைத் தொட்டாள்.

"உங்களுக்காகத்தான் வருவேன்" என்றாள். "எனக்காக இல்ல."

"சரி."

"என் கையில ஏதாவது பூசினா கழுவி விட்டுடணும்."

"சரிடா."

எர்னெஸ்டின் மேலே இருந்தபடியே, பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

மூன்றேகாலுக்கு மிஸ்டர் காடி தன் அலுவலக அறையின் ஜன்னல் திரையை முழுவதுமாக விலக்கிவிட்டு, டெல்ஃபினை வெளிச்சத்தில் உயரமான முக்காலியில் உட்கார வைத்தார். பெட்டி இருந்த அறைக் கதவு மூடியிருந்தது. மேசையில் ஒரு கண்ணாடித் தட்டும் பத்துப் பன்னிரண்டு டப்பாக்களும் இருந்தன.

"கையைக் குடுங்க, சின்ன மேடம்."

டெல்ஃபின் சட்டைக் கையை ஒரு அங்குலம் மட்டும் ஏற்றினாள்.

"ஒரு அங்குலத்துக்கு நான் விரல் நகத்துக்கு மட்டும்தான் பூச முடியும். உங்க அம்மா அவ்வளவு சின்னவங்களா?"

இன்னும் இரண்டு அங்குலம் ஏறியது.

மிஸ்டர் காடி வெளிர் ரோஜாப் பூச்சு இருந்த ஒரு டப்பாவை எடுத்துத் தள்ளி வைத்தார். அதில் ஏதோ எழுதியிருந்தது. புதிதாகப் படிக்கக் கற்றவள் ஆகையால் டெல்ஃபின் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"தோல்… நிறம்."

"ஆமா. கம்பெனிக்காரன் ஒவ்வொரு தடவையும் சேர்த்து அனுப்பறான். இந்தக் கதவு வழியா முப்பத்தஞ்சு வருஷமா ஆளுங்க வர்றாங்க. அந்தத் தோல்ல ஒருத்தரும் இன்னும் வரல. பழைய டப்பாவே தீரல."

பழுப்பை எடுத்தார். கொஞ்சம் சிவப்பு. கண்ணாடித் தட்டில் கத்தியால் தேய்த்தார். விரல்நுனியில் தொட்டு டெல்ஃபினின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். இன்னும் பழுப்பு. மறுபடி பார்த்தார். கறுப்பு ஒரு துளி. சேறு மாதிரி ஆகிவிட்டது. துணியால் துடைத்தெறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"கஷ்டமா?" என்றாள் டெல்ஃபின்.

"காலைல பூசினதுக்கு ரெண்டு டப்பாதான் ஆச்சு. கண்ணை மூடிட்டு கலக்கலாம். இது என்னடான்னா அஞ்சு திறந்தாச்சு, இன்னும் வரல." அவர் அவளிடம் பேசவில்லை. தன் வேலையைத் திட்டிக்கொண்டிருந்தார். "அடியில சிவப்பு இருக்கு. விரல் முட்டியில ஊதா. இங்க பாருங்க பிரதர், உள்ளங்கை ஓரத்துல தங்கம் மாதிரி ஒரு கோடு போகுது. இதை எந்த டப்பாவுல வெச்சிருக்கான் அவன்?"

டெல்ஃபின் தன் கையைத் தானே பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். சட்டைக் கை முழங்கை வரை போயிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆறாவது டப்பாவிலிருந்து நீலம் ஒரு ஊசி முனை அளவு சேர்ந்தது. மிஸ்டர் காடி தொட்டு, அவள் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார். கோடு மறைந்து போயிற்று. தோலுக்கும் பூச்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"வந்துட்டுது" என்று பெருமூச்சு விட்டார்.

"இது அம்மா இல்ல" என்றாள் டெல்ஃபின்.

"என்ன மேடம்?"

"இது நான். அம்மா இன்னும் கறுப்பு."

மிஸ்டர் காடி கத்தியை மறுபடி கையில் எடுத்தார்.

"எவ்வளவு கறுப்பு?"

"இன்னும் போடுங்க. போடுங்க. அவ்வளவு இல்ல!" அவள் முக்காலியில் முட்டிபோட்டு ஏறித் தட்டின்மேல் குனிந்துவிட்டாள். "இங்க கன்னத்துல இது சரி. கழுத்துல இன்னும் கறுப்பா இருக்கும். நான் தூங்கும்போது அங்கதான் மூக்கை வெச்சுப்பேன். எனக்குத் தெரியும். காதுக்குப் பின்னாடி நீலமா இருக்கும்."

"காதுக்குப் பின்னாடி யார் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன்."

மிஸ்டர் காடி தலையாட்டினார். பிறகு நீல டப்பாவை மறுபடி திறந்தார்.

ஐந்தே முக்காலுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார். ரோஜா நிற பல்புகளைக் கழற்றிவிட்டு வீட்டில் எரிகிற சாதா பல்புகளை மாட்டியிருந்தார். கையுறைகள் இல்லை.

வெர்னெல் அங்கே இருந்தாள்.

லூசியஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். மழை நாளில் ஈர மரத்துக்கு வருகிற கறுப்பு. கன்னத்து எலும்பின் மேல் அந்த மெல்லிய செம்மை. இப்போது எழுந்து, எதற்கு இப்படிப் பார்க்கிறாய் என்று அதட்டுவாள் போல இருந்தது.

டெல்ஃபின் அவன் கையை விட்டுவிட்டு முன்னே போனாள். பெட்டிக்கருகே போட்டிருந்த பலகையில் ஏறினாள். அம்மாவின் கையைத் தொட்டாள். தன் கையை அதன்மேல் வைத்தாள். எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றாகக் கிடந்தன.

"அம்மா" என்று கூப்பிட்டாள்.

பதில் வருவதற்குக் காத்திருந்தாள்.

"அம்மா?"

காலையில் இங்கே படுத்திருந்தவள் யாரோ அழகான வேற்று மனுஷி. அவள் செத்திருக்கலாம். அதனால் டெல்ஃபினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது அம்மா. நான்கு நாட்களாக எங்கோ வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் போட்டு, மூச்சுத் திணறி, பெட்டி விளிம்பை உதைத்து அழுதாள். லூசியஸ் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். இந்தக் குழந்தைக்கு அவளுடைய அம்மாவைத் திருப்பிக் கொடுத்தவனும் அவன்தான், பிடுங்கிக் கொண்டவனும் அவன்தான் என்று அவனுக்குத் தோன்றியது. சரியாகத்தான் செய்தோமா என்று தெரியவில்லை. அவளோடு சேர்ந்து அழ மட்டும் முடிந்தது.

ஆறு மணிக்கு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். குடைகள், ஈரக் கோட்டுகள், அந்துருண்டை வாசனை. கீழ்த்தளப் பள்ளிக் குழந்தைகள் அம்மாக்களின் கைப்பிடித்து வரிசையாக வந்தார்கள். அவள் கடைசியாகப் பொத்தான் போட்டுவிட்ட அந்தப் பையன் ராஸ்கோ பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "மிஸ் வெர்னெல்தான்" என்று பின்னால் நின்றவர்களிடம் கிசுகிசுத்தான். வரிசை முழுக்க அந்தச் செய்தி போயிற்று.

முன்வரிசையில் எர்னெஸ்டினின் நாற்காலி காலியாக இருந்தது.

ஆறரை ஆயிற்று. டெல்ஃபின் வீங்கிய முகத்தோடு அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா இன்னும் பார்க்கல. போன் பண்ணுங்க."

காடியின் அலுவலக அறையிலிருந்து லூசியஸ் வீட்டுக்கு டயல் செய்தான். வெகுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"அக்கா? எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க எங்க?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ கறுப்பாத்தானே இருக்கா, லூசியஸ்?"

"ஆமாக்கா. வெர்னெல் மாதிரி இருக்கா."

"அப்ப நான் எப்படி வந்து அந்த முகத்தைப் பார்ப்பேன்?" எர்னெஸ்டினின் குரல் உடைந்தது. "மத்தியானம் குழந்தை கெஞ்சினதைக் கேட்டேன். அப்படி ஒரு காலத்துல வெர்னெல் என்கிட்ட கெஞ்சியிருக்கா. ஒன்பது வயசு அவளுக்கு. எனக்கு இருபது. வெளுக்கிற க்ரீம் ஒண்ணு கடையில வித்தான். அம்மா வாங்கிட்டு வந்து என் கையில கொடுத்தாங்க. தினமும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி நான்தான் தேய்ச்சு விடுவேன். எரியும்டா அது. ஆனா அவ கண்ணாடியைப் பார்த்துட்டு, 'இன்னும் வெளுக்கலையேக்கா, இன்னும் கொஞ்சம் தேயி'ன்னு சொல்லுவா. தோல் உரிஞ்சு ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ச்சேன். உன்கிட்ட சொன்னாளா அவ?"

"இல்லக்கா."

"யார்கிட்டயும் சொல்லல. பெரியவளாகி அந்தக் கீழ்த்தளத்துக்குப் போய், ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வேற சொல்லிக் கொடுத்தா. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. ஒரு தரம் திட்டியிருந்தாக்கூட…"

லூசியஸ் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. எட்டு வருடம் பக்கத்தில் படுத்தவள், இதைத் தனியாகச் சுமந்துகொண்டு போய்விட்டாள்.

டெல்ஃபின் அவன் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் காதில் அழுத்திக்கொண்டாள். சட்டைக் கை முழங்கை வரை ஏறியபடியே இருந்தது. மணிக்கட்டில் மிஸ்டர் காடி இழுத்த கோட்டை அவள் கழுவச் சொல்லவே இல்லை.

"பெரியம்மா, வாங்க. அம்மா அம்மாவா இருக்காங்க." விக்கலுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மிஸ்டர் காடிக்கு வரல. நான்தான் நிறம் சொன்னேன்."

மறுமுனையில் ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. தொடர்பு அறுபடவில்லை. காலடி ஓசை தூரமாகப் போயிற்று. வீட்டு வாசற்கதவு திறந்தது, மூடியது.

டெல்ஃபின் தொலைபேசியை அப்பாவிடம் நீட்டினாள். லூசியஸ் காதில் வைத்துக் கேட்டான். காலி வீட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாசலில் இறங்கினால் இடது பக்கம் காடியின் இல்லம், வலது பக்கம் சின்சினாட்டி பஸ் நிற்கிற நிலையம். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்பது தொலைபேசியில் கேட்கவில்லை.